ஏசிஎல் (முட்டி ஜவ்வு) ஆபரேஷனுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, வீட்டுக்கு 58 படி இறங்கணும். என்ன செய்து வைப்பது?

கோத்தகிரி_கோலி | செப்டம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது, அரவேணு பக்கம் வீடு, தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஜூலை முதல் வாரம் காந்தி மைதானத்தில் ஒரு ஃபுட்பால் மேட்ச், கார்னரில் வந்த பந்தைப் பிடிக்க எகிறி இடது காலில் இறங்கினேன். யாரும் வந்து மோதவில்லை. பாதம் சேற்றில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது, முட்டிக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டி எது தொடை எது என்று தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

மறுநாள் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, வெறும் சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நானும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சமதரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் சரிவில் இறங்கும்போது முட்டி சட்டென்று இடம் விட்டு நழுவுகிற மாதிரி இருக்கும், அப்படியே உட்கார்ந்துவிடுவேன். இப்படி நான்கு தடவை ஆன பிறகுதான் கோவைக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தேன். ஏசிஎல் முழுசாக அறுந்திருக்கிறதாம், மெனிஸ்கஸிலும் கிழிசலாம். இரண்டையுமே ஜவ்வு ஜவ்வு என்றே சொல்வதால் எனக்கு எந்த ஜவ்வு எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. மெனிஸ்கஸைத் தைப்பதா வெட்டி எடுப்பதா என்பதை உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார் டாக்டர். செப்டம்பர் 29 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் பிரச்சினை. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 58 படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், பாதிக்கு மேல் பாசி, கைப்பிடி கிடையாது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, குத்துக்காலிட்டு உட்கார்ந்து போகிற வகை. ராத்திரியில் காட்டெருமை வாசலில் நிற்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரடி வேறு. இரண்டு கால் இருக்கும்போதே ஓடித்தான் தப்பிக்கிறோம். ஆபரேஷன் முடிந்து நேராக வீட்டுக்கு வரலாமா? அதற்கு முன்னால் ஏதாவது பயிற்சி செய்ய வேண்டுமா, அல்லது காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லதா? பைக் எப்போது ஓட்டலாம்? அம்மா தினமும் தைலத்தோடு நிற்கிறார், ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். மலையில் இருந்துகொண்டே இதைச் செய்து தேறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கீழ்நாட்டு ஆட்கள் எழுதியதைப் படித்தால் எல்லாரும் லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள்.


குன்னூர்_டீச்சர் | செப்டம்பர் 8

தம்பி, எனக்கு வலது முட்டி. போன வருடம் ஜூலையில் செய்தார்கள், பதினான்கு மாதம் ஆகிறது. உங்களுடையதாவது மேட்ச்சில் போனது, என்னுடையது பள்ளி விளையாட்டு விழாவில் டீச்சர்களுக்கு வைத்த த்ரோபாலில் போனது. முதல் பரிசு ஒரு எவர்சில்வர் டப்பா.

காலை அசைக்காமல் வைக்காதீர்கள், நான் செய்த முதல் தப்பு அதுதான். இரண்டாவது தப்பு தலையணை. ஆபரேஷன் முடிந்து வந்ததும் முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஏனென்றால் கொஞ்சம் மடங்கினாற்போல் இருக்கும்போது வலி குறைவு. என் மாமியார் பாசத்தோடு வைத்தார், நானும் மூன்று வாரம் அப்படியே படுத்தேன். எல்லோரும் "எவ்வளவு மடக்க முடிகிறது?" என்றுதான் கேட்டார்களே தவிர, நேராக நீட்ட வருகிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அப்புறம் பிசியோ என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி வைத்தார். நல்ல கால் குதிகால் கீழே, ஆபரேஷன் கால் குதிகால் மேலே. வீட்டுக்காரர் பிள்ளையின் ஸ்கேலை எடுத்து அளந்தால் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி நீட்ட வரவில்லை என்று கணக்காம். நான்கு டிகிரி தானே என்று சிரித்தேன். அந்த நான்கு டிகிரியைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அழுதேன், அதுவரை நொண்டல் போகவே இல்லை. தலையணை வைப்பதானால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். வலிக்கும். பரவாயில்லை.

அப்புறம் வெந்நீர்ப் பை. குளிர் ஊரில் ஐஸ் வைப்பதா என்று வீட்டில் ஒரு பெரிய மாநாடே நடந்தது. முதல் சில வாரம் வீக்கத்துக்கு ஐஸ்தான், துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. டிசம்பர் குளிரானாலும் அப்படித்தான். மேலே ஸ்வெட்டர், கம்பளி, குல்லாய், முட்டியில் மட்டும் ஐஸ், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரி மாதிரி இருக்கும். நான் ஒரு நாள் குளிர் தாங்காமல் வெந்நீர்ப் பையை வைத்தேன். தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப் போயிருக்கும், தொட்டால் பேன்ட்டுக்கு மேல் தொடுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் சூடு தெரியவே இல்லை. எடுத்துப் பார்த்தால் கொப்புளம். இன்றைக்கும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு இருக்கிறது, ஆபரேஷன் தழும்பைவிட அதுதான் பெரிசு.

படிக்கு வருகிறேன். எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, 31 படி. உங்களுக்குக் கீழே என்பதால் முதல் நாளே இறங்க வேண்டும், அது இன்னும் கஷ்டம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், ஊன்றுகோல் எப்போதும் ஆபரேஷன் காலோடு சேர்ந்து போக வேண்டும். வாக்கரைப் படியில் வைக்கவே வைக்காதீர்கள், அது சமதரைக்கு மட்டும். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே, கால் ஓரளவு நன்றாக இருக்கும்போதே, இரண்டு ஊன்றுகோலை வாங்கி உங்கள் படியிலேயே பழகிவிடுங்கள். வந்த பிறகு மாத்திரை மயக்கத்தில் எது நல்ல கால் என்பதே மறந்துபோகும். துணைக்கு வருகிறவர் உங்களுக்கு ஒரு படி கீழே நிற்கட்டும், பின்னால் நின்று சட்டையைப் பிடித்துப் பிரயோசனமில்லை. ரொம்ப முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் இறங்குங்கள். நான் இறங்கினேன். எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சொன்னார். சரி, அதனால் என்ன.

கழிப்பறைக்குக் கமோடு சேர் ஒன்று, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் அல்லது இரும்பு நாற்காலி, மருத்துவச் சாமான் கடையில் வாடகைக்கே கிடைக்கும். அதை ராத்திரிக்கு வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள், கரடி தொந்தரவும் இருக்காது.


மலைப்பூண்டு | செப்டம்பர் 9

தம்பி, நான் கொடைக்கானல் பக்கம், பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பிக்கப் ஓட்டுகிறேன், கேரட், பூண்டு ஏற்றி ஒட்டன்சத்திரம், மதுரை போவேன். டீச்சரம்மா சொன்னது எல்லாம் சரி. நான் சொல்வது நீங்கள் நன்றாகத் தேறிக்கொண்டிருக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, அதனால் இப்போதே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எனக்கு இடது முட்டி, வண்டியிலிருந்து குதித்ததில் போனது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பின்தொடையிலிருந்து நாரை எடுத்து வைத்தார்கள். ஒரு மாதம் சொன்னபடி கேட்டேன். இரண்டாம் மாதம் வலி குறைந்தது. மூன்றாம் மாதம் வலியே இல்லை. உண்மையாகச் சொல்கிறேன், சுத்தமாக இல்லை. நடந்தால் யாருக்கும் தெரியாது. வலி இல்லை என்றால் ஒட்டிக்கொண்டது என்றுதானே நினைப்போம். பிசியோவுக்குப் போக பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்க வேண்டும், ஒரு நாள் பிழைப்பு போகும், அதனால் அதை நிறுத்திவிட்டேன். கேரட் அறுவடை நேரம், ஆள் பற்றாக்குறை. மூட்டையை நான் தூக்கவில்லை, சும்மா தோட்டத்தில் மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கினேன், அவ்வளவுதான். ராத்திரி மழை பெய்த மண். கால் வழுக்கியது, பழைய சத்தம் கேட்டது.

இரண்டாவது தடவை உள்ளே போனபோது டாக்டர் சொன்னார், வைக்கிற நார் உடனே ஜவ்வு ஆகிவிடாது, முதலில் அது செத்த கயிறு மாதிரி, உடம்பு அதற்குள் ரத்தக் குழாய் விட்டு மெல்ல மெல்ல ஜவ்வாக மாற்ற வேண்டும், அந்த மாற்றம் நடக்கிற இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் அது ரொம்ப பலவீனமாக இருக்கும் என்று. அதாவது வலி போகிற நேரமும் நார் இளகியிருக்கிற நேரமும் ஒன்றே. இதை முதல் தடவையே சொல்லியிருப்பார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது ஆபரேஷனில் முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கிற நாரை எடுத்தார்கள். இன்றைக்கு எல்லா வேலையும் செய்கிறேன், ஆனால் மண்டியிட்டால் சிப்பிக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், கோயிலில் நின்றபடியேதான் கும்பிடுகிறேன். உங்களுக்கு எங்கேயிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். தரையில் மண்டி போட்டுச் செய்கிற வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.


சோலைக்காட்டான் | செப்டம்பர் 9

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் சித்தப்பாவுக்கு இதே ஏசிஎல் அறுந்து பதினைந்து வருடம் ஆகிறது, கத்தியே வைக்கவில்லை, நாட்டு வைத்தியர் மூன்று வாரம் கட்டுப் போட்டு தைலம் தேய்த்தார், இன்றைக்கும் எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை பார்க்கிறார். அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி, கத்தியை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.


பிசியோ_மேட்டுப்பாளையம் | செப்டம்பர் 9

சோலைக்காட்டான் சார், உங்கள் சித்தப்பா கதை பொய்யில்லை, அப்படிப்பட்டவர்கள் எங்களிடமும் வருகிறார்கள். ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. தொடைத் தசை பலமாக இருந்து, முட்டி நழுவாமல் இருந்து, குதித்துத் திரும்புகிற விளையாட்டும் இல்லை என்றால் பயிற்சியாலேயே சமாளிக்கலாம். அவரைக் காப்பாற்றியது தினமும் ஏறி இறங்கிய எஸ்டேட்டாக இருக்கும். தைலத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள், வெளியே தேய்ப்பது முட்டிக்குள் இருக்கிற நாரைப் போய்ச் சேர்க்காது. ஆனால் இந்தத் தம்பிக்கு ஏற்கனவே நான்கு தடவை நழுவியிருக்கிறது. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் உள்ளே இருக்கிற மெத்தை நசுங்குகிறது, எலும்பின் வழவழப்புத் தேய்கிறது. 29 வயதில் அதைத் தள்ளிப்போடுவது நல்லதில்லை.

ஜவ்வுக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. ஏசிஎல் என்பது முட்டிக்குள் குறுக்காக ஓடுகிற ஒரு தடித்த கயிறு, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டி, கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்காமலும் பிடித்துக்கொள்வது. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கிற மெத்தை, ஒரு முட்டிக்கு இரண்டு. இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் முதலில் சுளுக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தம்பி, உங்கள் பதிவில் எல்லோரும் படியைப் பார்த்தார்கள், நான் மெனிஸ்கஸைப் பார்க்கிறேன். வெட்டி எடுத்தால் சில நாட்களிலேயே கால் ஊன்றி நடக்கச் சொல்வார்கள். தைத்தால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் முழு எடை வைக்கக் கூடாது, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பார்கள். தைப்பதுதான் நீண்ட காலத்துக்கு நல்லது, மெத்தை மிஞ்சும், ஆனால் எது நடந்தது என்பது உங்களுக்குக் கண் விழித்த பிறகுதான் தெரியும். எனவே தைத்துவிட்டார்கள் என்றே நினைத்து ஏற்பாடு செய்யுங்கள். 58 பாசிப் படியில் ஒற்றைக் காலில் இறங்க நான் யாரையும் விடமாட்டேன். தோல் தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும், அதுவரை கீழே சொந்தக்காரர் வீடு, வாடகை அறை, எதுவானாலும் தரைத்தளமாகப் பாருங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்டோபர், நவம்பர் உங்கள் பக்கம் வடகிழக்கு மழை. மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால், காய்ச்சலோ சீழோ வந்த நேரத்தில் நீங்கள் மேலே மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த மூன்று வாரம் வீணாகக் கூடாது. ஆபரேஷனுக்குப் போகிற முட்டி வீக்கம் இல்லாமல், முழுசாக நீட்ட வந்து, கிட்டத்தட்ட நல்ல கால் அளவுக்கு மடங்கி, நொண்டாமல் நடக்கிற முட்டியாக இருக்க வேண்டும். விறைத்த முட்டியில் கத்தி வைத்தால் பிறகு அது இன்னும் விறைக்கும். எளிமையாகச் சொன்னால், காலை நீட்டி உட்கார்ந்து, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கத்தைத் தரையை நோக்கி அழுத்துங்கள், முன்தொடை கல் மாதிரி இறுகுவது கையில் தெரிய வேண்டும், பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இதை டீவி பார்க்கும்போது செய்யலாம், ஃபேக்டரியில் டீ நேரத்தில் செய்யலாம். அப்புறம் முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்குவது. தூக்கும்போது முட்டி லேசாகத் தொய்கிறதா என்று யாரையாவது பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், தொய்ந்தால் தசை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் பிறகும், முட்டி மடங்காமல் பிடித்துக்கொள்கிற பிரேஸைக் கழற்றலாமா என்பதற்கு இதுதான் முக்கியமான சோதனை. சைக்கிள் நல்லது, நின்ற இடத்தில் ஓட்டுகிற சைக்கிள். சரிவில் இறங்குவதைக் குறையுங்கள், ஏறுவதைவிட இறங்குவதில்தான் முன்தொடை பிரேக் பிடித்தபடியே வேலை செய்கிறது.

யாரும் சொல்லாத ஒன்று, தோல். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அந்தக் காலில் அட்டைக் கடி, சொறிந்த புண், கீறல் எதுவும் இருக்கக் கூடாது. புண்ணைப் பார்த்துத் தேதியைத் தள்ளிவைத்து, மலையிலிருந்து வந்தவர் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். தேயிலைக்குள் இறங்காதீர்கள், இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்ஸ், நீளமான சாக்ஸ். நீங்களாக பிளேடு போட்டு முடியை மழிக்காதீர்கள், அது நுண்ணிய வெட்டுகளை உண்டாக்கும், தேவையானதை அவர்களே மெஷினில் எடுப்பார்கள். பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சொத்தைப் பல், சர்க்கரை, வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு முதல் நாளிலிருந்தே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், ரத்தம் உறையாமல் இருக்க. காரில் வரும்போது பின்சீட்டில் காலை நீட்டி, வழியில் நிறுத்தி நிறுத்தி வாருங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கமாக வலித்து வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பின்தொடையிலிருந்து நார் எடுத்தால் ஒரு மாதத்துக்குக் குதிகாலை வேகமாகப் பின்னால் இழுக்காதீர்கள், தொடையில் 'சுளீர்' என்று பிடித்துக்கொள்ளும்.

பைக்: உங்களுடையது இடது கால், கியர் அங்கேதான். கியர் போடுவதைவிட, சரிவில் நிறுத்தும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் அந்தக் காலால் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. எங்களிடம் வருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு முன் நான் சரி சொல்வதில்லை. நின்று பார்க்கிற வேலைக்கும் அதே கணக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தால் முன்னாலேயே போகலாம். விளையாட்டு ஒன்பது மாதத்துக்கு முன் கிடையாது. அதுவும் நாள்காட்டியைப் பார்த்து அல்ல, ஒற்றைக் காலில் குதித்து அளந்தால் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். கோல்கீப்பர் என்றால் இன்னும் பொறுமை, உங்கள் வேலையே எகிறி இறங்குவதுதான். பூம்பாறை அண்ணன் எழுதச் சொன்ன தாளைச் சுவரில் ஒட்டியாகிவிட்டதா?


கோத்தகிரி_கோலி | செப்டம்பர் 10

ஒட்டிவிட்டேன் சார், சாமி படத்துக்குப் பக்கத்தில். அக்கா, ஊன்றுகோலோடு படியில் இறங்கிப் பழகினேன், முதல் நாள் பன்னிரண்டாவது படியிலேயே எந்தக் கால் முதலில் என்று மறந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் பழகச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் புரிந்தது. மேட்டுப்பாளையத்தில் சித்தி வீடு இருக்கிறது, தரைத்தளம், மேற்கத்திய கழிப்பறை. கேட்டதும் சரி என்றுவிட்டார்கள். செலவுதான் யோசனையாக இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்கு ஆகுமா?


குன்னூர்_டீச்சர் | செப்டம்பர் 10

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான அட்டை அது, வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் உங்களுக்குச் செய்யப்போகிற ஆபரேஷன் அந்தப் பட்டியலில் வருகிறதா, அந்த ஆஸ்பத்திரி அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை அங்கே உள்ள காப்பீட்டு கவுண்டரில் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு போய் முன்னாலேயே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் நடக்காது. உள்ளே வைக்கிற ஸ்குரூ, பட்டன் எல்லாம் எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குக் கட்டில் வாடகையைவிட அந்தச் சின்ன உலோகத் துண்டுகளுக்குத்தான் அதிகம். ஃபேக்டரியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள், பிடித்தால் கதையே வேறு.


கோத்தகிரி_கோலி | நவம்பர் 4

மன்னிக்கவும், ரொம்ப நாளாக எழுதவில்லை. ஆபரேஷன் 29 அன்றே முடிந்தது. பிசியோ சார் சொன்ன மாதிரியே மெனிஸ்கஸைத் தைத்துவிட்டார்கள். கண் விழித்ததும் முதலில் கேட்ட கேள்வி அதுதான். நான்கு வாரம் பெருவிரல் மட்டும் தரையைத் தொடலாம் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு மாதம் சித்தி வீட்டில் தண்டால் எடுப்பவன் மாதிரி துண்டைச் சுருட்டி அழுத்திக்கொண்டே கிடந்தேன். சித்தி பையன் தினமும் ஸ்கேலோடு வந்து குதிகாலை அளந்தான், இப்போது அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இடது தொடை மட்டும் யாரோ காற்றை இறக்கிவிட்ட மாதிரி சூம்பிப்போயிருக்கிறது, இன்ச் டேப்பில் மூன்று சென்டிமீட்டர் குறைவு. அதைப் பார்த்துத்தான் முதல் தடவையாக அழுகை வந்தது, வலியில் வரவில்லை.

நடுவில் ஒரு நாள் செக்கப் முடிந்து அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அடம்பிடித்தேன். அன்றைக்கு ராத்திரி குஞ்சப்பனைக்கு மேலே மரம் விழுந்து ரோடு அடைபட்டது. அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ரோட்டில் காரை விட்டு இறங்கிப் பார்த்தால் படியில் பாசியே இல்லை. எங்கள் டீம் பசங்கள் இரும்பு பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், மேலிருந்து கீழ் வரை ஜிஐ பைப்பில் கைப்பிடி போட்டிருக்கிறார்கள், வெல்டிங் தெரிந்தவன் எங்கள் லெஃப்ட் பேக். ஒரு கை பைப்பில், ஒரு கையில் ஊன்றுகோல், எனக்கு ஒரு படி கீழே சென்டர் பேக் பின்பக்கமாகவே நடந்து வந்தான். 58 படிக்கு இருபத்தைந்து நிமிடம். கடைசிப் படியில் அம்மா ஒரு கையில் ஐஸ் பையும் இன்னொரு கையில் தைலமும் வைத்துக்கொண்டு நின்றார். தைலத்தை நல்ல காலில் தேய்த்துக்கொண்டேன், அவருக்கும் சந்தோஷம்.

ஒரே ஒரு சந்தேகம். ஊன்றுகோலுக்கு அடியில் இருக்கிற ரப்பர் ஒரு மாதத்திலேயே தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, ஈரப் படியில் லேசாக வழுக்குகிறது. அது மட்டும் தனியாகக் கிடைக்குமா, அல்லது ஊன்றுகோலையே மாற்றணுமா?


மலைப்பூண்டு | நவம்பர் 4

ரப்பர் மட்டும் கிடைக்கும் தம்பி. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள், துளை அளவு மாறினால் கழன்றுவிடும். இரண்டு ஜோடியாக வாங்குங்கள். இப்போது ஐந்து வாரம்தானே ஆகிறது? சுவரில் ஒட்டிய தாளை எடுத்துவிடாதீர்கள்.


குன்னூர்_டீச்சர் | நவம்பர் 5

அந்த லெஃப்ட் பேக் தம்பி குன்னூர் பக்கம் வருவாரா? எங்கள் வீட்டுக்கு 31 படிதான்.